முப்பது வகுப்பில் புது உடம்பு: நடக்கிற காரியமா?

இந்த இணைய இழையில் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இதுதான்:

"பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் உடம்பும் மனசும் அடியோடு மாறிவிடும் என்கிறார்கள். பத்து வகுப்பில் மாற்றத்தை உணர்வீர்கள், இருபதில் கண்ணால் பார்ப்பீர்கள், முப்பதில் உடம்பே புதுசு என்று அதைக் கண்டுபிடித்தவர் சொன்னதாக ஒரு வாசகம் திரும்பின பக்கமெல்லாம் கண்ணில் படுகிறது. படுத்துக்கொண்டு காலை ஆட்டுவதற்கா இவ்வளவு பேச்சு? விளம்பரம் வேண்டாம். செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

ஜனவரி 6

நான் செய்கிறேன். நாலு வகுப்பு முடிந்திருக்கிறது. என் பேச்சுக்கும் நாலு வகுப்பு அளவுக்கு மதிப்புக் கொடுத்தால் போதும்.

வயது 46. கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் நாற்காலிதான். மூன்று வருடமாகக் கீழ் முதுகில் வலி. காலையில் வாஷ்பேசினில் குனிந்து முகம் கழுவ வேண்டுமானால் ஒரு கையை விளிம்பில் ஊன்றியாக வேண்டும். ஒரு கையால்தான் முகம் கழுவல். ஸ்கேன் எடுத்தாயிற்று. வயசுக்கேற்ற தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பிசியோதெரபிஸ்ட்தான் இதைச் செய்து பாருங்கள் என்று அனுப்பினார்.

காலை ஆட்டுகிற வேலை என்று நானும் நினைத்துத்தான் போனேன். முதல் வகுப்பிலேயே 'ஹண்ட்ரட்'. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி, கால் இரண்டையும் நீட்டித் தூக்கி, கைகளை உடம்பை ஒட்டி நேராக வைத்துக்கொண்டு தண்ணீரைத் தட்டுவதுபோல் மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஐந்து தட்டலுக்கு மூச்சு உள்ளே, ஐந்து தட்டலுக்கு வெளியே. இப்படிப் பத்துச் சுற்று, மொத்தம் நூறு. எண்ணுவது என் தொழில். அப்படியும் அறுபதில் எண்ணிக்கை கைவிட்டுப் போனது. கால் நடுங்கியது, கழுத்து பிடித்துக்கொண்டது. மூச்சு எப்போது நின்றதென்று எனக்கே தெரியாது. இதில் வேடிக்கை, வரிசையில் இதுதான் முதல் பயிற்சி. உடம்பைச் சூடுபண்ணிக்கொள்வதற்காம்.

இப்போதைக்கு என் தீர்ப்பு: நல்ல வயிற்றுப் பயிற்சி, பேச்சு கொஞ்சம் அதிகம்.

ஜனவரி 9

இருமினால் வலிக்கிறது. சிரித்தால் வலிக்கிறது. விலாவுக்குக் கீழே பக்கவாட்டில், அங்கே ஒரு தசை இருக்கிறது என்பதே இந்த வாரம்தான் தெரிந்தது.

பெயரை எப்படி எழுதுவது என்று ஒருவர் திருத்த வந்தார். 'பைலேட்ஸ்' என்றுதான் பல இடங்களில் பார்க்கிறேன். அவசரத்தில் அதை 'பைலட்ஸ்' என்று அடித்துவிட்டால் விமானம் ஓட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். பிலாட்டீஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். அது ஒரு ஆளின் குடும்பப் பெயர், அவர் வாயில் எப்படி ஒலித்ததோ.

ஜனவரி 20

அந்த ஆள் யாரென்று தேடினேன். ஜோசப் பிலாட்டீஸ், 1883-ல் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக்கில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் மூன்றும். நோஞ்சான் பையன் உடற்பயிற்சியில் வெறியாக இறங்கிவிட்டார். குத்துச்சண்டையும் உண்டு. முதல் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்தது மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாம். அங்கே படுத்த படுக்கையாக இருந்தவர்களின் கட்டில் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, அவற்றை இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார். இன்று பிலாட்டீஸ் கூடங்களில் இருக்கும் 'ரிஃபார்மர்' என்ற ஸ்பிரிங் கருவி அதிலிருந்து வந்தது. 1926-ல் அமெரிக்கா கிளம்பினார். பிற்பாடு வாழ்க்கைத் துணையான கிளாராவைக் கப்பலில் சந்தித்தார். நியூயார்க்கில் எட்டாம் அவென்யூவில் இருவரும் சேர்ந்து கூடம் நடத்தினார்கள். ஜார்ஜ் பாலன்சைன், மார்த்தா கிரஹாம் என்ற பெரிய நடன ஆசிரியர்களிடம் இருந்த நடனக்காரர்கள் அடிபட்டால் அங்கேதான் போவார்கள்.

தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கான்ட்ராலஜி'. அந்தப் பெயர் நிற்கவில்லை, ஆளின் பெயர்தான் நின்றது.

ஆஸ்துமாக்காரர் என்று தெரிந்த பிறகு ஒன்று புரிந்தது. ஈரத் துணியைப் பிழிவதுபோல் நுரையீரலைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிடு என்று எழுதியிருக்கிறார். மூச்சுக்கு ஏங்கிய ஆள் எழுதுகிற வாக்கியம் அது. என் பயிற்சியாளர் ஒவ்வொரு அசைவிலும் "வெளியே விடுங்க சார், வெளியே" என்று கத்துவது எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரிகிறது.

பிப்ரவரி 4

பதினோராவது வகுப்பு. ரோல் அப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நிற்கிறேன் என்பது தப்பு, பாதியில் கிடக்கிறேன்.

மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, தலையிலிருந்து தொடங்கி முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக மேட்டிலிருந்து (தரையில் விரித்த பாயிலிருந்து) உரித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதே மாதிரி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே திரும்பப் படுக்க வேண்டும். பார்த்தால் குழந்தைகூடச் செய்யும். நான் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை வருகிறேன். அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. தாடை முன்னால் துருத்துகிறது, கை காற்றைப் பிடித்து இழுக்கிறது, வயிறு நடுங்குகிறது. பிறகு திடீரென்று குதிகால் இரண்டும் மேட்டை விட்டு எழும்பி, உடம்பு விசுக்கென்று மேலே வந்துவிடுகிறது. சாதித்துவிட்டேன் என்று பார்த்தால் பயிற்சியாளர் தலையை ஆட்டுகிறார். "அது வயிறு இல்ல சார். தொடை."

விஷயம் இதுதான். சோவாஸ் என்று ஒரு தசை, கீழ் முதுகெலும்புகளில் பிடித்துத் தொடை எலும்பின் மேல்பகுதியில் முடிகிறது. வயிற்றுத் தசை கைவிட்டவுடன் இது வேலையை எடுத்துக்கொள்கிறது. இழுக்கிற இழுப்பில் கீழ் முதுகு வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் பலகை மாதிரி ஒரே துண்டாக எழும்புகிறது. எனக்கு வலிக்கிற இடமும் அதே நாலு விரல் அகலப் பலகைதான். மூன்று வருடமாக அந்த இடம் வலிப்பது தெரியும். அது அசைவதே இல்லை என்பது தெரியாது.

பத்து வகுப்பில் உணர்வீர்கள் என்ற வாசகம் சரிதான், ஒரு வகையில். எது இல்லை என்று உணர்ந்திருக்கிறேன்.

இப்போதைக்கு வைத்தியம்: உட்கார்ந்த நிலையில் தொடங்கி, முட்டியை மடக்கி, தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாதி வரை கீழே போய்த் திரும்புவது. கீழே இறங்குவது ஏறுவதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது. இன்னொன்றும் முடிவு பண்ணியிருக்கிறேன்: இனி நாள் முழுக்க வயிற்றை உள்ளே இழுத்து இறுக்கியே வைத்திருக்கப் போகிறேன். உட்கார்ந்த இடத்தில் ஓசிப் பயிற்சி.

பிப்ரவரி 5

பதினொன்று இல்லை, ஒன்பது. நான் போகாமல் விட்ட இரண்டு வகுப்பையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை லட்சணம்.

பிப்ரவரி 23

பிப்ரவரி 4-ல் கடைசியாக எழுதிய முடிவைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம்.

பத்து நாள் இறுக்கி வைத்திருந்தேன். முதுகு வலி கூடியது. மாடிப்படி ஏறினால் மூச்சு மேலே தோளில் அடித்தது. ஒரு வேலை நாளின் முடிவில் எழுந்து நின்றால் கீழ் முதுகு இரும்பு. வகுப்பில் சொன்னேன். பயிற்சியாளர் என் கையை எடுத்து, "முஷ்டியை மூடுங்க. அப்படியே வச்சிக்கிட்டுப் பேனாவை எடுங்க" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

ஆனால் வீட்டுக்கு வந்து படித்தேன். 1996-ல் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நாம் கையை வேகமாகத் தூக்கும்போது, கைத் தசைக்கு முன்னாலேயே வயிற்றின் அடி அடுக்கில் இருக்கும் குறுக்குத் தசை முந்திக்கொண்டு இறுகுகிறது. நாம் நினைத்துச் செய்வதில்லை, அதுவாக நடக்கிறது. முதுகு வலிக்காரர்களிடம் இது தாமதமாகிறது. அந்தத் தசை இடுப்பைச் சுற்றிப் பட்டை மாதிரி ஓடுவது. 'தொப்புளை முதுகோடு ஒட்ட வை' என்று ஊர்முழுக்கச் சொல்ல ஆரம்பித்ததற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். கவனித்தால் அதில் விஷயமே நேரம்தான்: வேண்டியபோது வந்து, வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். நான் செய்தது வாட்ச்மேனை 24 மணி நேரமும் விசில் ஊதச் சொன்ன கதை.

இப்போது வேறு மாதிரி சொல்லித்தருகிறார்கள். மூச்சை வெளியே விடும்போது அடிவயிறு தானாக உள்ளே போகும் இல்லையா, அவ்வளவு போதும். உதரவிதானம் மேலே கூரை, இடுப்புத் தளத் தசை கீழே தரை, சுற்றிலும் அந்தக் குறுக்குத் தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள். மூச்சு போய் வரும்போது இந்த நாலும் சேர்ந்து நகர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கூரை இறங்க இடமில்லை. படியேறும்போது மூச்சு தோளுக்கு வந்தது அதனால்தான்.

ஜனவரி 6-ல் இதை 'வயிற்றுப் பயிற்சி' என்று தீர்ப்பு எழுதியிருந்தேன். தள்ளுபடி.

மார்ச் 12

கட்டில் ஸ்பிரிங் கதைக்கு ஆதாரம் கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. முகாமில் அடைபட்டிருந்தது உண்மை. ஸ்பிரிங் கதையை நான் கண்ணால் பார்த்தவன் மாதிரி எழுதிவிட்டேன். அது வழிவழியாகச் சொல்லப்படும் கதை, அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய கதையும் உலவுகிறது. 1918 ஃப்ளூ வந்தபோது அவரிடம் பயிற்சி செய்தவர்கள் ஒருவர்கூடச் சாகவில்லையாம். இதைச் சொல்லி வகுப்புக்கு ஆள் சேர்ப்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம்.

இன்னும் இரண்டு. கட்டுப்பாடு, கவனம், மையம், துல்லியம், மூச்சு, ஓட்டம் என்ற ஆறு கொள்கைகளைச் சுவரில் மாட்டி அவர் பெயரைக் கீழே போடுகிறார்களே, அந்தப் பட்டியல் அவர் 1967-ல் இறந்த பிறகு, 1980-ல் மற்றவர்கள் போட்டது. அவர் எழுத்திலிருந்து சாரம் எடுத்தார்கள், ஆனால் ஆறாகப் பிரித்து எண் போட்டது அவரில்லை. அடுத்தது, யார் வேண்டுமானாலும் பிலாட்டீஸ் என்று பலகை மாட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். மாட்டலாம். அந்தப் பெயர் எங்கள் வணிக முத்திரை என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, யோகா, கராத்தே மாதிரி இதுவும் பொதுப்பெயர்தான் என்று 2000-ல் தீர்ப்பாகிவிட்டது. நல்லது. ஆனால் அதனால்தான் வார இறுதியில் பயிற்சி முடித்து வந்தவரும் இருபது வருடம் சொல்லித்தந்தவரும் ஒரே பலகையின் கீழ் நிற்கிறார்கள். சேரும் முன் எங்கே, எத்தனை மணி நேரம் கற்றீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மார்ச் 30

ரிஃபார்மரில் ஒரு வகுப்பு. கட்டில் போன்ற சட்டம், அதன் மேல் தண்டவாளத்தில் ஓடுகிற ஒரு மெத்தைப் பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். படுத்துக்கொண்டு பாதத்தால் கம்பியைத் தள்ளினால் நாமே பின்னால் ஓடுகிறோம்.

ஜிம்மில் எடையைக் குறைத்தால் சுலபம். இங்கேயும் அப்படித்தான் என்று, முட்டி போட்டுச் செய்யும் ஒரு பயிற்சியில் "ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிடுங்களேன்" என்று நானே கேட்டேன். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே கழற்றினார். பலகை என்னைக் கேட்காமல் பின்னால் ஓடியது. அதுவரை ஸ்பிரிங்தான் பலகையை எனக்காகப் பிடித்து வைத்திருந்தது. கழற்றியதும் அந்த வேலை என் வயிற்றுக்கு வந்துவிட்டது. காலால் தள்ளும் பயிற்சியில் ஸ்பிரிங் கூடினால் கஷ்டம், இதில் குறைந்தால் கஷ்டம்.

கால் வட்டத்தில் பாதத்துக்குப் பட்டை மாட்டி விட்டார்கள். இடுப்பு ஆடாமல் கால் மட்டும் சுற்ற வேண்டும். இடுப்பு ஆடுகிறதா என்று பார்க்க என் இடுப்பெலும்பு முனைகளில் ஆளுக்கொரு காகிதக் கோப்பை. வலது கால் சுற்றியபோது நின்றன. இடது கால் தொடங்கிய முதல் சுற்றிலேயே இரண்டும் தரையில். கூடவே இடது இடுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, கடிகாரம் மாதிரி. வலி இல்லை. யாருக்காவது இது தெரியுமா?

மேட்டா, மெஷினா என்று கேட்பவர்களுக்கு: மெஷினில் ஜாலி. ஸ்பிரிங் உதவி செய்வதால் ரோல் அப்பின் பலகைப் பகுதியைக்கூட அதில் வளைக்க முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து தரையில் படுத்தால் தரை எந்த உதவியும் செய்வதில்லை. நான் மேட்டோடு இருந்துகொள்கிறேன்.

ஏப்ரல் 17

எடை குறைந்ததா என்று மூன்றாவது ஆளாகக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டிசம்பரில் இருந்த அதே எடை, அதே தொப்பை. மேட்டில் மெதுவாகச் செய்யும் பயிற்சியில் கலோரி அவ்வளவாக எரியாது. எடைக்காக வருகிறவர்கள் சாப்பாட்டையும் நடையையும் கவனியுங்கள். இதயத்துக்கும் இது மட்டும் போதாது: உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி என்கிறது. மேட் பயிற்சியை அந்த இரண்டு நாளில் வேண்டுமானால் போடலாம், 150-ல் போட முடியாது. நான் நடக்கவும் செய்கிறேன்.

முதுகு வலிக்கு மற்ற பயிற்சியைவிட இது மேலா? மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பு 10 சோதனைகளில் கலந்துகொண்ட 510 பேரை வைத்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதையோ பேருக்கு ஏதோ செய்வதையோ விட வலியும் முடக்கமும் குறைகின்றன. மற்ற உடற்பயிற்சிகளைவிட உசத்தி என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனக்கு இதைப் படித்ததும் நிம்மதிதான். நீச்சல் பிடித்தவர் நீந்தட்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன். போவதால் வலி குறைகிறது. வாஷ்பேசினில் இப்போது இரண்டு கையாலும் முகம் கழுவுகிறேன். எப்போது மாறியது என்று கவனிக்கவில்லை. ஒரு நாள் இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீர் இருந்தது.

ஏப்ரல் 18

வீட்டில் 'ரோலிங் லைக் எ பால்' செய்தேன். முட்டியைக் கட்டிக்கொண்டு பந்து மாதிரி முதுகில் உருண்டு திரும்பி வர வேண்டும். தொடங்கியது மேட்டின் நடுவில். ஐந்தாவது உருளலில் அலமாரியின் காலில் இடது காதை இடித்துக்கொண்டேன். மறுபடி நடுவில் வைத்துத் தொடங்கினேன், மறுபடி அதே பக்கம். எனக்கு ஸ்டியரிங் இடதுபக்கம் இழுக்கிறது.

ஏப்ரல் 21

அந்த இடதுபக்க இழுப்பு பற்றி. மார்ச் 30-ல் கோப்பை விழுந்ததும் இடதுதான். மூன்று நாளாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிற்கும்போது முழு எடையும் வலது காலில், இடது கால் சும்மா முட்டுக்கொடுத்த மாதிரி. உட்கார்ந்தால் எப்போதும் இடது காலைத் தூக்கி வலது மேல் போடுகிறேன். பை எப்போதும் ஒரே தோள். இதெல்லாம் எத்தனை வருடமாக நடக்கிறதோ. உருண்டால்தான் தெரிகிறது.

மே 9

இருபது. 'கண்ணால் பார்ப்பீர்கள்' கட்டம். ஜனவரியில் எடுத்த போட்டோவையும் நேற்று எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சட்டை வேறு.

மனைவியிடம் ஏதாவது தெரிகிறதா என்றேன். "என்ன தெரியணும்?" என்றாள். ஆபீசில் ஒருவர் இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு "கண்ணாடி மாத்தினீங்களா?" என்றார். மாற்றவில்லை. ஆனால் ஏதோ தெரிந்திருக்கிறது, எதுவென்று அவருக்குப் பிடிபடவில்லை. தலை முன்னால் தொங்காமல் தோளுக்கு மேலே வந்திருப்பதாக நான் நம்புகிறேன். நம்புகிறேன், அவ்வளவுதான்.

மே 27

இது விளையாட்டில்லை, பொறுமையாகப் படியுங்கள். தெரிந்த ஒருவரின் அம்மா, எலும்பு அடர்த்தி குறைந்தவர், கூட்ட வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். எதுவும் கேட்காமல் முதல் நாளே ஹண்ட்ரடும் ரோல் அப்பும் செய்ய வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, கழுத்து வலியோடு போயிற்று.

ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பவர்களுக்கு முதுகெலும்பை முன்னால் வளைத்து அழுத்தம் கொடுக்கும் பயிற்சிகள் ஆகாது. முள்ளெலும்பு நசுங்கி முறியலாம். ரோல் அப், பந்து உருளல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அவர்களுக்கு முதுகை நிமிர்த்தும், பின்னுக்கு வளைக்கும் பயிற்சிகளும் கால் இடுப்பை வலுவாக்குபவையும்தான், அதுவும் தெரிந்தவர் பார்வையில். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசைகள் நடுக்கோட்டில் விலகியிருப்பவர்கள் அது தேறும் முன் தலையைத் தூக்கி வயிற்றைத் துருத்த வைக்கும் எதையும் செய்யக் கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குப் பின் நீண்ட நேரம் மல்லாந்து படுத்துச் செய்வதைத் தவிர்க்கச் சொல்வார்கள். இவை இருந்தும் கேள்வி கேட்காமல் மேட்டை விரிக்கச் சொல்கிற இடம் என்றால் மேட்டைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதுகு வலியோடு சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனால், தொடை இடுக்கு மரத்துப்போனால், கால் பலம் குறைந்துகொண்டே போனால் பயிற்சி, இழை எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே மருத்துவமனை.

ஜூன் 20

மூன்று வாரம் போகவில்லை. கணக்கு முடிக்கும் வேலை. பன்னிரண்டாம் நாள் வாஷ்பேசினில் கை தானாக விளிம்புக்குப் போனது.

கோபமாக இருந்தது, ஆனால் அதில்தான் அந்த வாசகத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். பத்து, இருபது, முப்பது. எத்தனை நாளில்? எண்ணிக்கை இருக்கிறது, காலம் இல்லை. அசலைச் சொல்லிவிட்டு வட்டி விகிதத்தைச் சொல்லாத பத்திரம் இது. வாரம் மூன்று போகிறவருக்கு முப்பது என்பது பத்து வாரம். எனக்கு ஏழு மாதம் ஆகப்போகிறது. இரண்டும் ஒரே முப்பதா? அவரே 1945-ல் எழுதிய புத்தகத்தில் கணக்குத் தெளிவாக இருக்கிறது: வாரம் நாலு முறை, மூன்று மாதம். பெருக்கிப் பாருங்கள், ஐம்பதுக்குக் கிட்டே வருகிறது. அந்தப் புத்தகத்தில் 34 மேட் பயிற்சிகள்; நான் அதில் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

அதனால் இப்போது வகுப்பு இல்லாத நாளில் வீட்டில் பன்னிரண்டு நிமிடம். ஹண்ட்ரட் (முட்டி மடக்கி), பாதி ரோல் அப், கால் வட்டம், ஒற்றைக் கால் நீட்டல், உட்கார்ந்து முன்னால் வளைவது, குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது. கடைசியில் உள்ளதை மட்டும் விடுவதில்லை. நாள் முழுக்கக் கூன் போட்டு உட்காருகிறவன் பயிற்சியிலும் முன்னால் மட்டுமே வளைந்துகொண்டிருந்தால் என்ன பிரயோஜனம். அலமாரியைத் தள்ளி வைத்தாயிற்று.

ஜூலை 11

முப்பது.

கேள்வி கேட்டவர் இன்னும் இருக்கிறாரா தெரியவில்லை. இருப்பு நிலை இது. ஹண்ட்ரட் முழுதாக வருகிறது, கடைசி இருபதில் தலையைக் கீழே வைத்துவிடுகிறேன். ரோல் அப் ஐந்துக்கு மூன்று குதிகால் எழும்பாமல் வருகிறது. பலகை இப்போது இரண்டு துண்டாகியிருக்கிறது. நின்றுகொண்டே ஷூ லேஸ் கட்டுகிறேன். தொப்பை பத்திரமாக இருக்கிறது. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முன்னே தினமும் இருந்தது, இப்போது வாரத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கிறது. வந்தால் என்ன செய்வதென்று தெரிகிறது.

மனசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். போன வாரம் தணிக்கைக்காரரிடமிருந்து மெயில். திறக்கும்போது மூச்சைப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. விட்டேன். அப்போது யோசித்தேன், இருபது வருடமாக ஒவ்வொரு மெயிலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறந்திருக்கிறேன். ஹண்ட்ரடில் அறுபதில் நின்றுபோகிற அதே மூச்சு. மெயிலில் மோசமாக ஒன்றும் இல்லை, ஒரு ரசீது எண் கேட்டிருந்தார். தூக்கம் நன்றாக இருக்கிறது என்றும் எழுத நினைத்தேன், ஆனால் இதே மாதத்தில் கணக்கு வேலையும் முடிந்தது. எதற்கு வரவு வைப்பதென்று தெரியவில்லை.

புது உடம்பா? பழைய உடம்புதான். இத்தனை வருடம் ஒன்றாகக் குடியிருந்தும் அறிமுகம் இல்லாமல் இருந்திருக்கிறோம்.

ஜூலை 12

மார்ச் 30-ல் கேட்ட 'டக்' சத்தத்துக்கு ஒருவர் இப்போது பதில் போட்டிருக்கிறார். பெரும்பாலும் தசைநார் எலும்பு முனையைத் தாண்டி நழுவும் சத்தம், வலி இல்லாதவரை பயமில்லை, முட்டியைக் கொஞ்சம் மடக்கி வட்டத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள் என்கிறார். நாலு மாதமாகத் தட்டு அளவு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலையில் கோப்பை அளவுக்குக் குறைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. கோப்பையும் விழவில்லை.